கோதுமை மாவை ஏன் அவிக்கிறோம், அரிசி மாவை ஏன் வறுக்கிறோம்?

யாழ்ப்பாணத்துக் குசினிகளில் பிட்டுக்கோ இடியப்பத்துக்கோ மா குழைக்கத் தொடங்கும் முன்னரே ஒரு வேலை முடிந்திருக்கும். அரிசி மா என்றால் அது வறுக்கப்பட்டிருக்கும். கோதுமை மா என்றால் அவித்து அரிக்கப்பட்டிருக்கும். பனங்கிழங்கிலிருந்து செய்யும் ஒடியல் மா என்றால் பல தரம் தண்ணீர் மாற்றிக் கழுவப்பட்டிருக்கும். இவற்றை நாம் அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் அப்பம்மாவிடமும் பார்த்துப் பழகியிருக்கிறோம். காரணம் கேட்டவர்களுக்கு "அவிக்காட்டி பிட்டு களியாப் போயிடும், பிள்ளை" என்ற ஒற்றை வரிப் பதிலே கிடைத்திருக்கும். அந்தப் பதில் முற்றிலும் சரியானது. எனினும் பச்சை மா ஏன் களியாகிறது, அவித்த மா ஏன் உதிர்கிறது என்பதை அறிந்து கொண்டால், சமையலில் பிழை நேரும் இடங்களை நாமே கண்டு திருத்த முடியும் என்பதனால் இதை விரிவாக எழுதுகிறேன்.

மூன்றிலும் வியப்புக்குரியது கோதுமை மாவை அவிக்கும் வழக்கம்தான். கோதுமை மாவின் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புரதம். அதில் பெரும்பகுதி குளூட்டெனின், கிளையடின் என்னும் இரண்டு வகைப் புரதங்களாகும். மா உலர்ந்திருக்கும்வரை இவை செயலற்றுக் கிடக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையப்பட்டதும் குளூட்டெனினின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்புகளால் கோத்துக்கொள்ள, கிளையடின் அவற்றுக்கு நெகிழ்வைக் கொடுக்க, மாவுக்குள் இழுபடும் வலையொன்று உருவாகிறது. அந்த வலையே குளூட்டன். இத்தாலியின் பொலோஞ்ஞா நகர அறிஞரான பெக்காரி, கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவி இப்பொருளைப் பிரித்தெடுத்தது பற்றிய செய்தி 1745 இல் அச்சேறியது.

அவர் செய்ததை எவரும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பிடி பச்சைக் கோதுமை மாவை இறுக்கமாகக் குழைத்து உருண்டையாக்கி, சிறிது நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்து மெல்லப் பிசைந்தால் மாப்பொருள் (ஸ்டார்ச்) பால் போல வெளியேறிவிடும். கையில் றப்பர் போல இழுபடும் ஒரு துண்டு எஞ்சும். அதே சோதனையை அவித்து அரித்த மாவில் செய்யும்போது கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. உருண்டை முழுவதும் தண்ணீரில் கலைந்து போய்விடுகிறது. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவை ஏன் அவிக்கிறோம் என்பதற்கு இந்தச் சோதனையைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

பாணுக்கும் பரோட்டாவுக்கும் அந்த வலை வேண்டும். பாணில் காற்றைப் பிடித்து வைத்திருப்பதும், பரோட்டாவை வீசும்போது கிழியாமல் காப்பதும் அதுவே. பிட்டுக்கோ ஒவ்வொரு மணியும் தனித்து நிற்க வேண்டும். இடியப்ப மாவும் உரலின் சிறு துளைகளினூடே அதிக பலமின்றி இறங்கி, விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடக்க வேண்டும். பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் தெளித்துக் கிளறினால் மணிகள் ஒன்றையொன்று பற்றி இழுத்துக் கட்டியாகின்றன. உரலில் இட்டுப் பிழிந்தால் கை நோகும், இறங்கிய இழைகளும் சுருங்கி ஒட்டி, அவிந்த பின் சவ்வு போல மெல்ல வேண்டியதாகின்றன.

அவிக்கும்போது நிகழ்வது இதுதான். ஈரமுள்ள சூட்டில் குளூட்டெனின் 55 முதல் 75 பாகை செல்சியசுக்குள் உருமாறத் தொடங்குகிறது. கிளையடின் சற்று உறுதியானது, அது மாறுவதற்குக் கொதிநிலையை அண்மித்த சூடு வேண்டும். கொதிநீராவி 100 பாகையில் இருப்பதால் இரண்டையும் மாற்றப் போதுமானது. இவ்வாறு மாறிய புரதங்கள் தமக்குள்ளேயே இறுகிவிடுவதனால், பின்னர் எவ்வளவு தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் பழையபடி வலை பின்ன மாட்டா.

அப்படியானால் மாப்பொருளும் அதே சூட்டில் வெந்து கூழாகிவிட வேண்டுமே என்று கேட்கலாம். நம் முன்னோர் கைக்கொண்ட முறையின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். மாப்பொருள் மணி வெந்து களியாவதற்குச் சூடு மட்டும் போதாது, நிறையத் தண்ணீரும் வேண்டும். கடையில் வாங்கும் கோதுமை மாவில் நூற்றுக்கு 13 அல்லது 14 பங்கு ஈரமே உண்டு. அதைத் துணியில் முடிந்து ஆவியில் வைக்கும்போது, குளிர்ந்த மாவில் பட்டு நீராகும் ஆவி சிறிதளவு ஈரத்தையும் பெருமளவு வெப்பத்தையும் கொடுக்கிறது: ஒரு கிராம் ஆவி நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி மறை வெப்பம் வெளிப்படும். ஆகவே புரதம் மாறுவதற்குத் தேவையான சூடு கிடைத்துவிடுகிறது. மாப்பொருள் வேகத் தேவையான தண்ணீர் கிடைப்பதில்லை. மாப்பொருளைப் பெரும்பாலும் பச்சையாகவே விட்டுவிட்டுப் புரதத்தை மட்டும் அடக்கும் ஒரு வழியை, வெப்பமானியும் ஆய்வுகூடமும் இல்லாத குசினிகள் கண்டுகொண்டன.

மூட்டையின் வெளிப்புறத்தில் மட்டும் ஈரம் சற்றுக் கூடுவதால் அங்கே மாப்பொருள் ஓரளவு வெந்து கட்டிபடும். "சூட்டோட அரி" என்ற கட்டளை இதற்காகவே. சூடாக இருக்கும்போது அக்கட்டிகள் மென்மையாக இருக்கும், கையால் உதிர்த்து அரிதட்டில் தேய்த்தால் இறங்கிவிடும். ஆறவிட்டால் வெந்த மாப்பொருள் இறுகிக் கல்லாகிவிடும். அதன் பிறகு இடித்துத்தான் அரிக்க வேண்டும். மாவை மூட்டையில் அழுத்தி அடைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. மா வெப்பத்தை எளிதில் கடத்தாது. மணிகளுக்கிடையே உள்ள இடைவெளிகளினூடே ஆவி புகுந்துதான் நடுப்பகுதியைச் சூடாக்க வேண்டும். அழுத்தி அடைத்த மூட்டையில் வெளிப்புறம் அவிந்து, நடுவில் பச்சை மா இருக்கும். பிட்டின் ஒரு பகுதி உதிர்ந்தும் ஒரு பகுதி ஒட்டியும் வந்தால், பெரும்பாலும் குற்றம் தண்ணீரிலன்றி இந்த இடத்திலேயே நேர்ந்திருக்கும்.

கோதுமை மாவை வெறும் சட்டியில் வறுத்தால் ஆகாதா? ஓரளவுக்கு ஆகும். ஆனால் ஈரமில்லாத புரதம் சூட்டை நெடுநேரம் தாங்கக்கூடியது. அது மாறுவதற்குள் மா சிவந்துவிடும் வாய்ப்பு அதிகம். அதனால் அவித்தலே சிறந்தது.

அரிசியை நம்பி வாழ்ந்த ஓர் ஊருக்கு இந்தத் தேவை ஏன் வந்தது என்பதும் நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரில் 1942 இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தபோது அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசித் தட்டுப்பாடும் பங்கீடும் வந்த காலத்தில் கோதுமை மா இலங்கை வீடுகளுக்குள் மேலும் ஆழமாகப் புகுந்தது. யாழ்ப்பாணத்தார் இன்றும் வெள்ளைக் கோதுமை மாவை அமெரிக்கன் மா என்று சொல்வதுண்டு. அரிசிப் பிட்டின் உதிர்வுக்கும் அரிசி இடியப்பத்தின் மென்மைக்கும் பழகிய நாக்குகளுக்குக் கோதுமை மாவை இணங்க வைக்க வேண்டியிருந்தது. குளூட்டன் வலை பின்னாதபடி அவிக்கப்பட்ட கோதுமை மா, நடத்தையில் அரிசி மாவை நெருங்கி வருகிறது. அவித்தல் என்னும் வேலையின் முழுப்பயனும் இதுவே.

அரிசியிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு புரதம் உண்டு, ஆனால் அது வலை பின்னாத வகை. எனவே அரிசி மாவின் சிக்கல் வேறு: அதை ஒன்றுசேர்த்துப் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, உரலில் இடித்து அரித்த மா ஈரமாக இருக்கும். அதைச் சட்டியில் இட்டு இடைவிடாது கிளறி வறுக்கும்போது முதலில் ஆவி பறக்கும், பின்னர் ஆவி அடங்கி மா மணல் போல உதிரத் தொடங்கும், அதே வேளையில் மணமும் எழும். அந்தப் பதத்தில் இறக்கிவிட வேண்டும். ஈரத்தோடு சூடேறிய முதற்கட்டத்தில் மாப்பொருள் மணிகள் சிலவற்றின் மேற்புறம் சற்று வெந்து திறந்துகொள்வதனால், வறுத்த மா பின்னர் தண்ணீரை விரைவாகவும் சீராகவும் உறிஞ்சும். அமினோ அமிலங்களும் வெல்லங்களும் (சர்க்கரை வகைகளும்) சூட்டில் சேர்ந்து மணத்தையும் நிறத்தையும் தரும் தாக்கத்தை 1912 இல் பிரெஞ்சு அறிஞர் மையார் விவரித்தார். வறுத்த மாவின் மணம் அதன் தொடக்கநிலை. நிறம் மாறும்வரை வறுத்தால் மாப்பொருளின் நீண்ட சங்கிலிகள் துண்டாகிப் பிடிப்பை இழந்துவிடும், அந்த மாவில் பிழிந்த இடியப்பம் எடுக்கும்போதே நொறுங்கும்.

வறுத்த மா நெடுநாள் இருப்பதற்கு ஈரம் போனதும், வண்டின் முட்டைகள் அழிந்ததும் காரணங்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியின் மாவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதன் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அந்த எண்ணெயைச் சிதைத்துக் காறல் வாடையை உண்டாக்கும் நொதியமும் இருக்கிறது. இடிக்கும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. வறுக்கும் சூட்டில் நொதியம் செயலிழக்கிறது. சிவப்பரிசி மாவை இடித்த அன்றே வறுத்துவிட வேண்டும் என்ற அவசரம் வீண் அவசரமல்ல.

இனித் தண்ணீர். அரிசி மா இடியப்பத்துக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் கேட்ட சொல். அரிசியின் மாப்பொருள் வகைக்கேற்ப 60 முதல் 78 பாகைக்குள் களியாகும். 30 பாகையில் இருக்கும் மாவுடன் அதே நிறையுள்ள கொதிநீரைச் சேர்த்தால், இரண்டின் தன்வெப்பக் கொள்ளளவுகளையும் வைத்துக் கணக்கிடும்போது கலவை ஏறத்தாழ 80 பாகையில் வந்து நிற்கும். அதாவது களியாகும் எல்லையைச் சற்றே தாண்டும். தண்ணீர் 70 பாகைக்கு ஆறியிருந்தால் கலவை 60 பாகையைக்கூட எட்டாது. முதலாவதில் ஒரு பகுதி மாப்பொருள் வெந்து பசையாகி மிச்ச மாவைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் ஈரமான பச்சை மாவே கிடைக்கும், அது உரலிலிருந்து இறங்கும்போதே அறுந்து விழும். அடுப்பிலிருந்து இறக்கிய கேத்தலைச் சற்று நேரம் மேசையில் வைத்துவிட்டு வந்தால் போதும், இடியப்பம் பிழையாகிவிடும்.

பிட்டுக்கு இந்தப் பசை சிறிதளவே வேண்டும். அதனால்தான் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, பின் பேணியின் விளிம்பால் கொத்தி மணிமணியாக்குகிறார்கள். மணிகளுக்கிடையே உள்ள வழிகளினூடேதான் ஆவி மேலே ஏற வேண்டும்; தண்ணீர் கூடினால் அவ்வழிகள் அடைபட்டு அடிப்பகுதி குழைந்தும் மேற்பகுதி வேகாமலும் போகும். இடையிடையே தூவும் தேங்காய்ப்பூவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதால் அது மணிகளின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து அவற்றைப் பிரித்து வைக்கிறது. பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியின் பயனும் கவனிக்கத்தக்கது: அதன் பின்னலெங்கும் ஆவி புகும், சுவரில் படியும் நீரை ஓலை உறிஞ்சிக்கொள்ளும். உலோகக் குழலில் அந்த நீர் வழிந்து மாவுக்குள்ளேயே திரும்பும். நீத்துப்பெட்டிப் பிட்டின் சுவையைப் புகழ்பவர்கள் பழமைப் பற்றினால் மட்டும் புகழ்வதாக நான் எண்ணவில்லை.

இரவுப் பிட்டு காலையில் இறுகிக் கிடப்பது ஈரம் போனதனால் மட்டும் நிகழ்வதன்று. வெந்தபோது அவிழ்ந்த மாப்பொருள் சங்கிலிகள் ஆறும்போது மீண்டும் நெருங்கிப் படிகமாகின்றன. குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகையளவான குளிரில் இது இன்னும் விரைவாக நடக்கும். தண்ணீர் தெளித்து மீண்டும் ஆவியில் வைக்கும்போது இப்படிகங்களில் கிளைத்த சங்கிலிகளால் ஆனவை உருகிவிடுகின்றன, கிளையற்றவை உருகுவதற்கு நம் அடுப்பின் ஆவி போதாது. ஆகையால் மறுபடி அவித்த பிட்டு மென்மையாகும், ஆனால் முதல்நாள் இருந்த நிலைக்கு முழுமையாகத் திரும்பாது.

ஒடியல் மாவின் கதை சூட்டைவிடத் தண்ணீரைச் சார்ந்தது. பனங்கிழங்கை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், பச்சையாகவே பிளந்து காயவிட்டால் ஒடியல். பச்சையாகக் காய்ந்ததனால் கிழங்கின் கசப்பு முழுவதும் ஒடியல் மாவிலும் தங்கியிருக்கும். 1971 இல் இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, பனங்கிழங்கு மாவை உணவாகக் கொடுத்த எலிகளின் ஈரல் பாதிக்கப்பட்டதைக் காட்டியது. மாவை ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, புதுநீர் விட்டு, மீண்டும் வடிக்கும் பழைய முறை இந்த இடத்தில் சுவையை மட்டுமன்றி உடலையும் காக்க உதவக்கூடும். மாப்பொருள் குளிர்ந்த நீரில் கரையாமல் அடியில் படியும். கரையக்கூடிய கசப்புப் பொருட்கள் நீரோடு போகும். ஒரே தடவையில் நிறைய நீர் விட்டு வடிப்பதைவிட, அதே நீரைப் பல தடவைகளாகப் பிரித்து வடித்தால் அதிகக் கசப்பு வெளியேறும், ஏனெனில் ஒவ்வொரு வடிப்பிலும் எஞ்சியதில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போகிறது. கூழுக்கு அந்த மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கடைசியில் விட்டுத் துழாவி, தடித்த பின்னும் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். கடையில் பொதியாக வாங்கும் ஒடியல் மாவுக்கும் கழுவும் வேலை உண்டு. தூளாக்கிப் பொதி செய்யப்பட்டது என்பதனால் கசப்பு நீங்கியிருக்கும் என்று எண்ணி அப்படியே கூழில் கொட்டிவிடக் கூடாது.