கிரிப்: கைப்பிடி வேறு, பிடி வேறு

துப்பாக்கி சுடப் பழகுபவரிடம் பயிற்சியாளர் "கிரிப் சரியில்லை" என்கிறார். அவர் சொல்வது கையில் இருக்கும் கட்டையையா, அதைப் பிடித்திருக்கும் விதத்தையா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே சொல்தான். தமிழில் இந்தக் குழப்பம் வரவே வேண்டாம். கருவியின் உறுப்பு கைப்பிடி. கை அதைப் பற்றும் விதம் பிடி. "கைப்பிடி பெரிசு, அதனால் பிடி சரியாக விழவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பத்திரிகைகளில் "கிரிப்" என்று அப்படியே எழுதிவிட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

கிரிப் என்பது பழைய ஆங்கிலத்தில் பற்றுதலைக் குறித்த வினையிலிருந்து வந்தது. ஜெர்மனில் கைப்பிடிக்கு உள்ள 'கிரிஃப்' அதன் உடன்பிறப்பு. நம்முடைய 'பிடி'யும் வினையாகவும் பெயராகவும் நிற்கிற சொல்தான், ஆனால் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். ஒரு பிடி அரிசி என்றால் அது அளவு. பிடிகொழுக்கட்டை என்றால் விரல் பதிந்த வடிவம். இந்தக் கொழுக்கட்டையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருவோம்.

துப்பாக்கி துருக்கி வழியாக நமக்கு வந்த சொல். அங்கே அது 'துஃபெக்'. அதன் மூல வடிவம் ஊதுகுழலைக் குறித்தது. பிஸ்டல் என்பதற்கும் செக் மொழியில் குழலைக் குறிக்கும் 'பீஷ்தலா'வே மூலம் என்பது பரவலான கருத்து. ஆக, இரண்டுமே குழலைப் பார்த்து வைத்த பெயர்கள். நாம் சொல்லும் 'கைத்துப்பாக்கி'யில்தான் கை உள்ளே வருகிறது. அது எனக்கு மிகவும் பிடித்த சொல்.

டிரிக்கருக்கு விசை என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. பின்னால் மடங்கி அடிக்கும் உறுப்புக்குக் குதிரை என்ற பழைய பெயரும் உண்டு. கைப்பிடியின் முதுகிலிருந்து விசையின் முகம் வரை உள்ள தூரத்துக்குத்தான் பெயர் வேண்டும். அதை 'விசை எட்டம்' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. கை எட்டவில்லை, எட்டாக்கையில் இருக்கிறது என்று தினமும் பேசுகிற வேர்தான் அது.

இந்த எட்டம் ஏன் முக்கியம் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பூரிக்கட்டையின் ஒல்லியான கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் முன்னால் நீட்டுங்கள். விரல் தாராளமாகப் போகும். அப்புறம் அதே கையால் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்து நீட்டுங்கள். பருமனைச் சுற்றி வருவதிலேயே விரலின் நீளம் பாதி தீர்ந்துவிடும். கைத்துப்பாக்கியிலும் இதேதான். விரல் நுனியின் சதைப்பற்று விசையில் படிந்தால் அதை நேராகப் பின்னுக்கு இழுக்க முடியும். நுனி மட்டுமே எட்டினால் விசை பக்கவாட்டில் தள்ளப்படும், குழல்வாயும் கூடவே விலகும். எட்டவில்லையே என்று கையைச் சுழற்றிப் பிடித்தால் முழங்கையிலிருந்து குழல் வரை உள்ள நேர்கோடு உடைந்துபோகும். பெரிய கைக்காரருக்குத் தொல்லை நேர்மாறானது: விரல் உள்ளே போய் மூட்டு விசையில் மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்க ராணுவம் இதை அனுபவத்தில் கற்றது. 1911-இல் ஏற்ற கோல்ட் நிறுவனக் கைத்துப்பாக்கியை முதல் உலகப் போருக்குப் பிறகு திருத்தி, 1926-இல் எம்1911ஏ1 என்று பெயரிட்டது. விசையைக் குட்டையாக்கினார்கள். விசைக்குப் பின்னால் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் இரு பக்கமும் இரும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுத்து விரலுக்கு வழிவிட்டார்கள். கைப்பிடியின் முதுகை வளைத்தார்கள். சுடும் இயந்திரம் அதேதான். பெரும்பாலும் கைக்காகச் செய்த திருத்தங்கள்.

1985-இல் அதன் இடத்துக்கு வந்த பெரெட்டா எம்9-இல் பழைய சிக்கல் திரும்பியது. முந்தையதில் 7 தோட்டாக்கள் ஒரே வரிசையில் நின்றன. இதில் 15 தோட்டாக்கள் இடம்வலமாக மாறிமாறி இரண்டு வரிசையில் அடங்க, கைப்பிடி பருத்தது. போதாததற்கு முதல் குண்டுக்கு விசை வெகுதூரம் முன்னால் நிற்கும். சிறிய கைகொண்ட வீரர்கள் திணறினார்கள். 2017-இல் அதற்குப் பதிலாகத் தேர்வான சிக் சாவர் எம்17-இல் கைப்பிடிப் பகுதியையே மூன்று அளவுகளில் மாற்றிக்கொள்ள வழி செய்திருந்தார்கள்.

இப்போது கொழுக்கட்டைக்கு வருவோம். கிளாக் நிறுவனம் மூன்றாம் தலைமுறைத் துப்பாக்கிகளில் கைப்பிடியின் முன்புறம் விரல் பதியப் பள்ளங்கள் வைத்தது. பார்க்க வசதியாகத்தான் தெரியும். ஆனால் அம்மா பிடித்த கொழுக்கட்டையில் குழந்தை விரல் வைத்தால் பள்ளங்கள் பொருந்துமா? மேடு வரும் இடத்தில் விரல் உட்காரும். 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் கிளாக் அந்தப் பள்ளங்களை எடுத்துவிட்டது.

ஒருவர் கைக்கென்றே செய்யும்போது இதே பள்ளம் வரமாகிவிடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்றாரே, அந்தப் போட்டிக்கான துப்பாக்கியின் கைப்பிடியைப் பாருங்கள். உள்ளங்கையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கியிருப்பார்கள், கீழே கை உட்கார ஏற்றி இறக்கும் தாங்கு ஒன்று இருக்கும். ஒற்றைக் கையால் சுட வேண்டும், விசையின் இழுப்பு எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அவ்வளவு லேசான விசையில் விரல் ஒரு நூல் விலகினாலும் குண்டு இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தை விட்டு ஒன்பதுக்குப் போய்விடும். அதனால் வாங்கிய கைப்பிடியிலும் மரத்தூள் பசையை அப்பி, ஈரம் காயும் முன் அழுத்திப் பிடித்து, தங்கள் கை அச்சையே அதில் பதித்துக்கொள்ளும் வீரர்கள் உண்டு. காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பார்கள், சுட்டுப் பார்ப்பார்கள், உறுத்தினால் மறுபடி தேய்ப்பார்கள்.