பதிவேட்டில் இல்லாத நோயாளி

மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கும் நான் மருந்துச்சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மறுத்தால், வந்தவரும் கேட்பார், கடை முதலாளியும் கேட்பார்: "கொடுத்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?"

பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள்தான். செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் எச்1 அட்டவணை மருந்துகள், அதாவது விற்பனைக்குச் சட்டம் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கும் மருந்துகள். 2014 மார்ச் முதல் இவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். இரவு கடை அடைக்கும்முன் வாய்க்கு வந்த பெயர்களை எழுதிப் பக்கத்தை நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மருந்து ஆய்வாளர் புரட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

நான் பதில் சொல்ல வேண்டியவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் வராது. சளி, இருமலுக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. விழுங்கியவரின் குடலில் வாழும் பாக்டீரியாக்களைத்தான் கொல்லும். மருந்துக்கு அடங்காதவை தப்பிப் பெருகி, கைகள் வழியாகவும் கழிவுநீர் வழியாகவும் பிறருக்குப் பரவும். பிறகு எங்கோ ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று மாத்திரையில் அடங்காமல், ஊசி மருந்துக்காக மருத்துவமனையில் படுக்க நேரும். என் கடையிலிருந்து போனதுதான் காரணம் என்று எந்த அதிகாரியாலும் நிரூபிக்க முடியாது. அதனாலேயே அந்தப் பெண்ணுக்கு நான் கூடுதலாகக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"நாம் தராவிட்டால் எதிர்க்கடையில் தருவார்கள்" என்பார்கள். தருகிறார்கள், உண்மைதான். அது அவர்கள் கணக்கு. பதிவுச் சான்றிதழை மாத வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் மருந்தாளுநர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் பொங்குகிறது. சுவரில் தொங்குவது அவர்கள் பெயர். அந்தப் பெயரில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் பயிற்சியே இல்லாத ஒருவர்.

மறுத்துவிட்டால் என் வேலை முடிந்துவிடாது. காய்ச்சல் எத்தனை நாளாக, மூச்சு வாங்குகிறதா என்று விசாரிக்கிறேன். பாராசிட்டமால் போதுமென்றால் அதைத் தருகிறேன். மூன்று நாளைத் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்கிறேன். அங்கே மருந்துக்கும் காசு வேண்டாம். ஒரு நாள் கூலி போகும் என்று தயங்குகிறவரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் போகத்தான் சொல்வேன். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்துக்குச் சீட்டு கேட்கிற மருந்தாளுநரிடம் தயவுசெய்து சண்டை போடாதீர்கள். முதலாளியிடம் அவர் ஏற்கெனவே திட்டு வாங்கியிருப்பார்.