அடுத்த குட்டி எப்போது?

ஒரு குரங்குக் கூட்டம் பெருகுமா, தேயுமா என்று அறியத் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. ஒரு குட்டியை ஈன்ற தாய் அடுத்ததை ஈன எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல தீனி கிடைக்கும் ரீசஸ் குரங்கு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு குட்டி போடும். மலைக் கொரில்லாவுக்குச் சுமார் 4 ஆண்டுகள், சிம்பன்சிக்கு 5 அல்லது 6, ஒராங்குட்டானுக்கு 7 அல்லது 8 ஆண்டுகள் ஆகும்.

இந்த இடைவெளியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தாய்ப்பால். குட்டி சப்பும்போது முலைக்காம்பிலிருந்து எழும் நரம்புச் செய்தி தாயின் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸை எட்டுகிறது. அங்கிருந்து விட்டுவிட்டுச் சுரக்கும் ஹார்மோன் மந்தமாகிறது. அதன் தூண்டுதலை நம்பியிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடங்கிவிட, சூலகத்தில் கருமுட்டை முதிர்வதில்லை. குட்டி அடிக்கடி குடிக்கும் வரை இந்தப் பூட்டு திறக்காது. பழமோ இலையோ தானே தின்னத் தொடங்கிப் பால் குடிப்பதைக் குறைத்தால், பூட்டு மெல்லத் தளரும்.

தாயின் வயிறும் இதில் சேரும். போர்னியோவின் குனுங் பாலுங் காட்டில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மரங்கள் ஒரே சமயத்தில் காய்த்துக் குலுங்கும்; பிறகு நீண்ட பஞ்சம். பஞ்சத்தில் ஒராங்குட்டான்கள் சொந்தக் கொழுப்பைக் கரைத்துப் பிழைப்பதை, கீழே சிந்தும் சிறுநீரைப் பிடித்துச் சோதித்தே ஆய்வாளர் ஷெரில் நாட் கண்டறிந்தார். அந்த மாதங்களில் பெண் ஒராங்குட்டான்களிடம் கருவளத்துக்குரிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் அளவும் இறங்கிவிடுகிறது. விலங்கைத் தொடாமலே அதன் கருவளத்தைப் படித்த இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

பால்தான் பூட்டு என்றால், குட்டி இறந்ததும் அது திறந்துவிடும். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இதை விட்டால் கதை புரியாது. 1960களில் கர்நாடகத்தின் தார்வாட் பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா அனுமன் குரங்குகளைக் கவனித்தார். வெளியிலிருந்து வந்த கடுவன்கள் பழைய தலைவனை விரட்டியபின், பால்குடிக் குட்டிகள் கொல்லப்பட்டன. குட்டியை இழந்த மந்திகள் விரைவிலேயே மீண்டும் இணைசேர்ந்தன. நெரிசலால் வந்த பிறழ்நடத்தை இது என்று சிலர் கருதினார்கள். ராஜஸ்தானின் அபு மலையில் இதே குரங்குகளை ஆய்வு செய்த சாரா ஹர்டி 1970களில் வேறு விளக்கம் தந்தார்: ஒரு கடுவன் தலைமையில் நீடிப்பது சில ஆண்டுகள்தான், பிறன் குட்டி பால் மறக்கும்வரை காத்திருந்தால் அதன் காலமே முடிந்துவிடும். நேபாளத்தின் ராம்நகர்க் குரங்குகளிடம் செய்து 1999இல் வெளியான டிஎன்ஏ சோதனையில், கொன்ற கடுவன் எதுவும் இறந்த குட்டிக்குத் தந்தை அல்ல என்று தெரிந்தது.

மந்திகள் கையைக் கட்டிக்கொண்டிருப்பதில்லை. உறவுக்காரப் பெண்கள் சேர்ந்து கடுவனை எதிர்க்கின்றன. கருவுற்றபின்பும் புதியவனோடு இணைசேர்ந்து, யார் தந்தை என்பதைக் குழப்பிவிடுவதும் உண்டு. எத்தியோப்பியாவின் சிமியன் மலைகளில் வாழும் ஜெலாடா என்னும் குரங்குகளில் நடப்பது இன்னும் வியப்பானது: தலைவன் மாறிய சில வாரங்களுக்குள் கருவுற்ற பெண்களில் பெரும்பாலானவற்றுக்குக் கரு கலைந்துவிடுகிறது. சுண்டெலிகளில் ஆய்வாளர் ஹில்டா புரூஸ் 1959இல் கண்ட இந்த விளைவு காட்டுக் குரங்குகளிலும் உண்டு என்று 2012இல்தான் காட்டப்பட்டது. எப்படியும் சாகக்கூடிய குட்டிக்காக மாதக்கணக்கில் உடலைக் கரைப்பதைவிட, அந்தத் தாய்க்கு இது குறைந்த இழப்பு.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாண்டியாகோ என்னும் சிறு தீவில் 1938இல் சுமார் 400 ரீசஸ் குரங்குகள் விடப்பட்டன. முதலில் சரிந்த எண்ணிக்கை, ஒழுங்காகத் தீனி போடத் தொடங்கியபின் ஏறி, 1,500ஐத் தாண்டியது. அவ்வப்போது பல குரங்குகளை வெளியே அனுப்ப வேண்டியும் வந்தது. மலைக் கொரில்லாக்கள் வாழும் ஆப்பிரிக்காவின் விருங்கா மலைகளில் கணக்கு வேறு. 1981இல் 254ஆக இருந்த கொரில்லாக்கள், நாள்தோறும் காவல், காட்டுக்குள்ளேயே கால்நடை மருத்துவர்கள் என்று இத்தனை உழைப்புக்குப் பிறகு, 2015–16 கணக்கெடுப்பில் 604 ஆயின. இரண்டு மடங்கைச் சற்றே தாண்ட 35 ஆண்டுகள்.

ஒராங்குட்டானுக்கு ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி கொரில்லாவினுடையதைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பு. முதல் குட்டி பிறக்கும்போதே தாய்க்கு வயது சுமார் 15. நெடுநாள் வாழ்ந்தாலும் 4 அல்லது 5 குட்டிகள்தான். அவற்றில் பாதியே பெண். வளர்ப்பு விலங்காக விற்க ஒரு குட்டியைப் பிடிப்பவர்கள் முதலில் தாயைக் கொல்கிறார்கள். அந்தத் தாயின் இடத்தை நிரப்ப வேண்டிய பெண் குட்டி, இன்றே பிறந்தாலும், தாயாக 15 ஆண்டுகள் ஆகும்.