அம்மா என்ன நினைக்கிறாள் என்று மகள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?

சேலம் அம்மாபேட்டை. சாயங்காலம். தட்டுவடை செட் வண்டியில் தோழிகளோடு நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை, டியூஷனுக்கு அரைமணி நேரம் தாமதம். வீட்டில் என்ன நடக்கும்? அந்த நிமிடத்தில் அம்மாவுக்கு எது முக்கியமாகப் படுகிறது என்பதைப் பொறுத்தது அது.

பெற்றோர்-பிள்ளை வாக்குவாதங்களை ஆராய்ந்த பால் ஹேஸ்டிங்ஸ், ஜோன் குருசெக் இருவரும் 1998-இல் இதை விளக்கினார்கள். 'என் பேச்சு எடுபட வேண்டும்' என்பது இலக்கானால், அதட்டலும் தண்டனையும் வருகின்றன. 'இவளுக்கு இது புரிய வேண்டும்' என்றால் காரணம் சொல்கிறார்கள். 'எங்களுக்குள் கசப்பு வரக்கூடாது' என்றால் அவள் பக்கத்தையும் கேட்டு, ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள். ஒரே அம்மாவிடம் இந்த மூன்றும் ஒரே நாளில் வந்து போகலாம்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் நட்பு உயிர்மூச்சு. சண்டையும் அதே அளவுக்கு. மனஸ்தாபத்தைப் பேசித் தீர்க்கும் பழக்கத்துக்கு வீட்டு வாக்குவாதம்தான் முதல் ஒத்திகை என்பது என் எண்ணம். "சொன்னா கேளு" என்பதிலேயே எப்போதும் முடிந்தால், பணிவது அல்லது பணியவைப்பது, இந்த இரண்டைத்தான் அவள் பழகுவாள்.

2017-இல் வெளியான, உளவியலாளர் சுனியா லூத்தர் குழுவின் ஆய்வு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. அமெரிக்காவின் வசதியான ஊர் ஒன்றில் 506 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம், ஆறு விழுமியங்களில் உன் பெற்றோர் பெரிதாக நினைப்பவை எவை என்று கேட்டார்கள். மூன்று சாதனை பற்றியவை. மூன்று அன்பும் பண்பும் பற்றியவை. சாதனையே பெரிது என்று தோன்றிய பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல், மதிப்பெண்ணும் குறைவு. இது கேள்வித்தாள் ஆய்வுதான். எது காரணம், எது விளைவு என்று அறுதியிட முடியாது.

கவனியுங்கள், கேட்டது பெற்றோரை அல்ல, பிள்ளைகளை. முன்பு சொன்ன குருசெக்கும் இன்னொரு உளவியலாளரான ஜாக்குலின் குட்னவும் 1994-லேயே சொன்னது இது: பெற்றோரின் எண்ணம் முதலில் பிள்ளைக்குச் சரியாக விளங்க வேண்டும், பிறகுதான் ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி. "நல்ல பொண்ணா இரு" என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கலாம். பையை இறக்கி வைக்கும் முன்பே "டெஸ்ட்ல எவ்ளோ?" என்று கேட்டால், மகள் மனதில் பதிவது அந்தக் கேள்விதான். அன்று மதியம் யாரும் பக்கத்தில் உட்காராமல் தனியாகச் சாப்பிட்டதை அதற்கப்புறம் அவள் எப்படிச் சொல்வாள்?