ட்ரிப்பர் என்னும் சுற்றுத் துண்டிப்பான்

‘ட்ரிப்பர் விழுந்திருச்சுங்க’ என்பது கோவையிலும் ஈரோட்டிலும் வீடுகளிலும் கடைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. எலக்ட்ரீஷியன்கள் எம்.சி.பி. (மினியேச்சர் சர்க்கியூட் பிரேக்கர்) என்றும் பிரேக்கர் என்றும் குறிப்பிடும் கருவிக்கு மக்கள் வழங்கிய பெயர் இது. ட்ரிப் என்னும் ஆங்கில வினை முதலில் துள்ளி நடப்பதைக் குறித்தது. பின்பு கால் இடறுவதையும், அதன்பின் இயந்திரத்தில் பிடித்து நிறுத்திய கொக்கி சட்டென விடுபடுவதையும் குறித்தது. இக்கருவிக்குள் நடப்பதும் அதுவே. மின்னோட்டம் அளவு மீறி நெடுநேரம் ஓடினால் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்தும், திடீரென்று பன்மடங்கு பாய்ந்தால் மின்காந்தம் இழுத்தும், கொக்கியை விடுவித்து மின்சாரத்தைத் துண்டிக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே சிறு பெட்டிக்குள் அமைத்து 1924-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் ஹ்யூகோ ஸ்டோட்ஸ்.

சர்க்கியூட் என்பது ‘சுற்றிச் செல்லுதல்’ என்னும் இலத்தீன் பொருளில் பிறந்த சொல்லாதலால், சுற்று என்பது அதற்கு முழுதும் பொருந்துகிறது. பிரேக்கருக்கு முறிப்பான், உடைப்பான், துண்டிப்பான் என்று மூன்றும் வழங்குகின்றன. முறிந்த கிளை மீண்டும் ஒட்டாது. உடைந்த பானையும் அப்படியே. துண்டித்த இணைப்பையோ திரும்பக் கொடுக்கலாம். விழுந்த நெம்பைத் தூக்கிவிட்டால் மறுபடி வேலை செய்யும் கருவிக்குச் சுற்றுத் துண்டிப்பான் என்பதே சரியான பெயர் என்பேன். ஒருமுறை உருகினால் கம்பி மாற்றியே தீர வேண்டிய பியூஸுக்கு உருகி என்னும் பெயர் எவ்வளவு இயல்பாக அமைந்திருக்கிறதோ, அவ்வளவு இயல்பு இதிலும் உண்டு.

சுற்று என்னும் முன்சொல்லை விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெருந்துறைப் பக்கம் ஒரு பேக்கரியில், கேக் வைக்கும் கண்ணாடிக் குளிர்பெட்டியின் கம்ப்ரசர் எழும்பும்போதெல்லாம் பி6 என்னும் 6 ஆம்பியர் ட்ரிப்பர் விழுந்துகொண்டிருந்தது. தொல்லை தாங்காமல் யாரோ 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் பலகையைக் கழற்றியபோது சிவப்பு வயரின் உறை கருகி, விரல் பட்டதும் வறட்டி போல உதிர்ந்தது. ‘கம்ப்ரசருக்குப் பெரிய ட்ரிப்பர்தானுங்களே பாதுகாப்பு?’ என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, ட்ரிப்பர் காப்பது சுற்றை, அதாவது வயரை. ஆகவே அதன் ஆம்பியர் வயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது.

அந்தக் கம்ப்ரசர் ஓட்டத்தில் 4 ஆம்பியரும், எழும்பும் நொடியில் அதைப்போல் ஆறு மடங்கு, ஏறத்தாழ 24 ஆம்பியரும் இழுக்கிறது. ட்ரிப்பரில் ஆம்பியரைக் குறிக்கும் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்து, அந்த எண்ணைப் போல் எத்தனை மடங்கு பாய்ச்சலில் மின்காந்தம் உடனே இழுக்கும் என்பதைச் சொல்கிறது: பி என்றால் 3 முதல் 5 மடங்கு, சி என்றால் 5 முதல் 10, டி என்றால் 10 முதல் 20. பி6 என்பது 18-க்கும் 30-க்கும் இடையில் விழுமாதலால் அங்கே விழுந்ததில் வியப்பில்லை. சி10 போட்டால் 50 ஆம்பியர் வரை மின்காந்தம் அசையாது. எழும்பும் பாய்ச்சலோ ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் புதிதாக இழுத்து சி10-ஐயே பொருத்தினோம். எழுத்தை மாற்றி, எண்ணை வயர் தாங்கும் அளவுக்குள் வைத்தாலே போதும்; 32-க்கு ஏற்ற வேண்டியதில்லை.

கம்ப்ரசரைக் காப்பது அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும், மெக்கானிக்குகள் ஓவர்லோட் என்று சொல்லும் வட்டமான சிறு வில்லை. கரண்ட் போய் உடனே வந்தால், உள்ளே அழுத்தம் சமன்படாமல் கம்ப்ரசர் எழும்ப முடியாமல் முனகும். சில நொடிகளில் ‘டிக்’ என்று அந்த வில்லை பிரிந்து, ஆறிய பின் தானே சேரும். இதற்கு மிகைச்சுமைக் காப்பான் என்று பெயர் சொல்லலாம். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் மோட்டாரின் ஆம்பியருக்கேற்பத் திருகி வைக்கும் ரிலேயைக் கொங்கு விவசாயி எவரும் அறிவார். அந்த ரிலேயின் வேலைதான் இதுவும். கடைக்காரருக்கும் தோட்டத்தில் மோட்டார் உண்டு. ‘அப்ப ரிலே வேற, ட்ரிப்பர் வேறங்களா?’ என்று அவரே பிரித்துச் சொன்னார்.