‘லெக் கார்டு’ என்ற பேரே தப்பு

“கார்டுல ஒரு கீறல்கூட இல்ல பாருங்கண்ணே!” பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பெருமையாகக் காட்டுவார்கள். இன்ஜினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற அந்த இரும்புக் குழாய்க் கார்டு நன்றாகத்தான் இருக்கும். அதை மாட்டியிருக்கிற இன்ஜின் மவுன்ட்டில், அதாவது இன்ஜினைச் சேஸோடு பிடித்திருக்கிற இடத்தில், டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் தெரியும். சிலதில் ஆயில் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருக்கும். கொடைக்கானல், மேகமலை, போடிமெட்டு என்று மலைக்குப் போய்த் திரும்பும் டூரிங் வண்டிகளில் இது வாடிக்கையாகிவிட்டது. இத்தனைக்கும் பெரிய விபத்தெல்லாம் இல்லை. ஹேர்பின் வளைவில் ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கி, நடக்கிற வேகத்தில் சாய்ந்திருக்கும். கார்டே இல்லாமலிருந்தால் கிளட்ச் லிவரும் இண்டிகேட்டரும் உடைந்ததோடு போயிருக்கும். கார்டு போட்டதால் இன்ஜினின் அலுமினிய வெளிக்கூடான கிராங்க் கேஸ் போனது.

இதற்கெல்லாம் மூலம் அந்தப் பெயர்தான். எல்லாரும் ‘லெக் கார்டு’ என்றே கேட்கிறார்கள், கடைக்காரரும் அப்படியே சொல்லி விற்கிறார். “கனமா போட்டா காலு தப்பிச்சுரும்லண்ணே?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தப்பிக்காது. நின்ற வாக்கில் வண்டி சாயும்போது இன்ஜினுக்கு அடியில் கால் நசுங்காமல் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் எதிரே ஒரு கார் திரும்பி உங்கள் பக்கவாட்டில் மோதினால், உங்கள் கால் ஃபுட்ரெஸ்ட்டில் அப்படியே அமர்ந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? உடம்பு முன்னால் போகும், கால் ஃபுட்ரெஸ்ட்டை விட்டு எகிறும். எகிறுகிற காலுக்கு முன்னால் முதலில் இருக்கிற இரும்பு இந்தக் கார்டுதான். முழங்காலும் கெண்டைக்காலும் அதிலேயே போய் அடிக்கும்.

இது எங்கள் அனுமானம் அல்ல. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழுவினர் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தார்கள். கார்டு போட்ட வண்டிகளில் கணுக்கால், பாதக் காயம் குறைந்திருந்தது. அதற்குச் சரியாக ஈடுகட்டுகிற அளவுக்குத் தொடை, முழங்கால், கீழ்க்கால் காயம் கூடியிருந்தது. ஆகமொத்தம் காலுக்கு லாபமில்லை. காலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கணுக்கால் மூடிய பூட்ஸ் போடுங்கள், முழங்கால் கவசம் வைத்த பேன்ட் போடுங்கள். கார்டு வண்டிக்கானது. வண்டியிலும் ரேடியேட்டர், கிளட்ச் கவர், டேங்க், இவற்றைத் தரையிலிருந்து தள்ளி வைப்பதற்கானது. அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தக் கார்டிலேயே கூடுதலாக ஒரு ஃபுட்ரெஸ்ட் மாட்டி, நான்குவழிச் சாலையில் காலை நீட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிலையில் உங்கள் கால் பின் பிரேக்கில் இல்லை. விழுந்தால் முதலில் தரையில் படுகிற இடத்தில்தான் இருக்கிறது. கழற்றிவிடுங்கள்.

கார்டு வளைய வேண்டும். வளையாத கார்டைத் தேடித்தேடி வாங்குகிறார்கள், அங்கேதான் தப்பே. கிளாசிக் 350 மட்டும் 195 கிலோ. சேடில் பை, தண்ணீர், ஓட்டுகிறவர், பின்னால் ஓர் ஆள் என்று ஏற்றினால் முந்நூறைத் தாண்டும். அது சாயும்போது வருகிற அடி கார்டின் வெளிமுனையில் விழுகிறது. முனைக்கும் போல்ட்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம் இருந்தாலும் போதும், கடப்பாரை போட்டு நெம்பின மாதிரிதான். பைப் வளைந்தால் அடி அதிலேயே தீர்ந்துபோகும். வளையாவிட்டால் அடுத்து எது மெலிவோ அது வாங்கிக்கொள்ளும். ஒன்று போல்ட், இல்லையென்றால் சேஸ், அதுவும் இல்லையென்றால் அலுமினிய இன்ஜின் கேஸ். கார்டு மாற்றுவது அரைமணி நேர வேலை. கேஸ் மாற்ற இன்ஜினை இறக்கி முழுசாகப் பிரிக்க வேண்டும்.

எனவே அளவு. 22 அல்லது 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பைப், 14 கேஜ், அதாவது சுவர் கனம் சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் இந்த எடை வண்டிகளுக்குப் போதும். கேஜ் எண் கூடினால் கனம் குறையும். 16 கேஜ் ஒரு சாய்வுக்கே மடங்கி ரேடியேட்டரில் முட்டும். 12 கேஜும், அதற்கு மேலே போய் சாலிட் ராடு வைத்து வெல்டிங் பட்டறையில் செய்து வாங்குவதும் காசு கொடுத்து வம்பு வாங்குவது. கடையில் வளைவுகளின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுருக்கமோ பள்ளமோ தட்டுப்பட்டால் வேண்டாம், அந்த இடத்தில்தான் முதலில் மடியும். வெல்டிங் ஜாயின்ட்டைச் சுற்றி முழுசாக ஓடியிருக்க வேண்டும். இரண்டு பொட்டு வைத்து மேலே பெயின்ட் அடித்ததெல்லாம் வெல்டிங் இல்லை.

எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்பவர்களுக்கு ஒன்று. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே எளிதில் துருப்பிடிக்காத 304 ரகம் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். மட்டமான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது. தனுஷ்கோடி உப்புக்காற்றில் இரண்டு முறை போய்வந்து கழுவாமல் விட்டால் 202-இல் பழுப்புப் புள்ளி கிளம்பும், அப்போது தெரியும். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் நல்ல பவுடர் கோட்டிங் செய்த எம்.எஸ். போதும்.

பைப்பைவிட முக்கியம் மாட்டுகிற இடம். கிளாசிக் 350, இன்டர்செப்டர் 650 போன்றவற்றில் இன்ஜினுக்கு முன்னால் சேஸ் குழாய் இறங்குகிறது, பிடிக்க இடம் இருக்கிறது. ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர் போன்றவற்றில் கீழே குழாயே கிடையாது, இன்ஜினே சேஸின் ஒரு பாகம். அவற்றில் கார்டு வாங்கும் அடி நேராக இன்ஜினுக்குப் போக வழி அதிகம். அந்த வண்டிகளுக்கு அதே மாடலுக்கென்று செய்த கார்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று யு போல்ட்டோடு வருவது எந்த வண்டிக்குமே சரியாகப் பொருந்தாது. இறுக்க இறுக்கக் குழாயையே நசுக்கும்.

ஒரு பக்கத்துக்கு ஒரே போல்ட்டில் நிற்கிற கார்டு நெம்புகோல்தான். பக்கத்துக்கு இரண்டு மூன்று பிடி இருக்க வேண்டும். இடது வலது இரண்டையும் கீழே குறுக்குப் பைப் ஒன்று இணைத்தால் இன்னும் நல்லது, அடி இரண்டு பக்கமும் பங்காகிவிடும். சேஸில் நேராக வெல்டிங் வைக்கவே கூடாது. இதற்கு விளக்கமெல்லாம் கிடையாது, கூடாது.

மாட்டும்போது நடக்கிற தப்புகளைக் கேளுங்கள். கார்டின் தகடு 5 மில்லிமீட்டர் என்றால் போல்ட்டும் பழையதைவிட அதே 5 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருக்க வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் அலுமினியத்துக்குள் அத்தனை மரை குறைந்துபோகும், இறுக்கும்போதே உரிந்து வரும். 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால் அலுமினியத்தில் 15 மில்லிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். போல்ட் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் எண் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். கம்பெனி போல்ட்டில் என்ன இருந்ததோ அதற்குக் குறையக் கூடாது. எண்ணே இல்லாத போல்ட் கதவுக் கொண்டிக்குப் போடுவது. இடைவெளியை நிரப்ப வாஷரை அடுக்காதீர்கள், ஒரே துண்டாகக் கடைந்த ஸ்பேசர் போடுங்கள்.

இன்ஜினுக்கு அடியில் ஜாக் கொடுத்துவிட்டு ஒரு நேரத்துக்கு ஒரு போல்ட் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் இன்ஜின் தொங்கித் துளை விலகும், பிறகு சுத்தியல் எடுப்பீர்கள். கார்டின் எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச். 8.8 தரத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10-க்கு 45 முதல் 50 வரை என்பது பொதுக்கணக்கு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். ராடு போட்டு நெம்பித்தான் துளைக்கு நேராக வருகிறது என்றால் அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இழுவையில் நிற்கிற கார்டு, இன்ஜின் அதிர்வில் விழாமலேயே மவுன்ட்டை வெடிக்க வைக்கும்.

மாட்டியபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் லாக் வரை திருப்புங்கள். முன் ஃபோர்க்கை அமுக்கினால் மட்கார்டு கார்டில் தட்டுகிறதா பாருங்கள். ஆயில் ஃபில்டரையும் டிரெய்ன் போல்ட்டையும் கார்டைக் கழற்றாமல் எட்ட முடிகிறதா? பிறகு ஒரு நேரான கம்பை எடுத்து, கார்டின் முனையிலிருந்து ஹேண்டில்பார் முனைக்கும், அங்கிருந்து பின்பக்கப் பெட்டிக்கும் பிடித்துப் பாருங்கள். டேங்கோ கிளட்ச் கவரோ அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் கார்டு போட்டும் பயனில்லை. ஆனால் கார்டு ஹேண்டில்பாரைவிட அகலமாகவும் இருக்கக் கூடாது. மதுரை மாசி வீதிகளில் ஷேர் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே நுழையும்போது ஹேண்டிலைப் பார்த்துத்தான் இடைவெளியைக் கணிக்கிறோம். கீழே நீட்டிக்கொண்டிருக்கிற கார்டு கண்ணில் படாது.

முனையில் நைலான் ஸ்லைடர் இருக்கட்டும். ரப்பர் வேண்டாம். நைலான் தாரில் வழுக்கிக்கொண்டு போகும், ரப்பர் பிடித்துக்கொள்ளும். அறுத்த வாக்கில் விட்ட பைப் முனை தாரைத் தோண்டி வண்டியைப் புரட்டிவிடும்.

விழுந்து வளைந்த கார்டை கேஸ் தீயில் சூடாக்கி நிமிர்த்தித் தரச் சொல்லி வருகிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஒருமுறை மடங்கிய இரும்பு அதே இடத்தில் மறுபடி மடங்கும், சமயத்தில் முறியும். கார்டை மாற்றுங்கள், போல்ட்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றிய போல்ட்டைக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் அது வளைந்திருக்கிறது. அப்படியென்றால் அது நின்ற மவுன்ட்டையும் துடைத்துச் சுத்தமாக்கி விரிசலுக்குப் பார்த்தாக வேண்டும்.

புதுக் கார்டு போட்டு 500 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். சிறுமலையின் பதினெட்டு வளைவு இறங்கி டீ குடிக்க நிறுத்துகிற நேரத்தில் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் அங்கேயே ஸ்பேனரை எடுங்கள், திண்டுக்கல் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.