இதயம் ‘செயலிழந்தால்’ மாத்திரை எதற்கு?

போன செப்டம்பர் 29, உலக இதய நாள். ஏதோ முகாமில் கொடுத்த துண்டறிக்கையோடு பெரியம்மா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பைப் படித்தார்: ‘இதய செயலிழப்பு’. “எனக்கும் இதுதான்னு டாக்டர் சொன்னாரு. செயலிழந்து போனப்புறம் மாத்திரை எதுக்குடா?” நான்கு நாளாக மாத்திரை போடவில்லையாம். (அந்தத் தலைப்பில் ‘ச்’ விடுபட்டதைப் பற்றி இன்னொரு நாள் அழுகிறேன்.)

ஹார்ட் ஃபெயிலியரைத்தான் இப்படி எழுதுகிறார்கள். ‘ஃபெயில்’ என்பதன் லத்தீன் வேருக்கு ஏமாற்றுதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சரி, வேர் போகட்டும். மருத்துவத்தில் அதன் பொருள், உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயத்தால் தள்ள முடியவில்லை என்பதே. துடிப்பு நின்றுவிடவில்லை. நல்ல இதயத்தின் இடது கீழறை, நிரம்பிய இரத்தத்தில் 55 முதல் 70 விழுக்காடு வரை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும். பெரியம்மாவின் எக்கோவில் (இதய ஸ்கேன்) 35. குறைவுதான், பூச்சியம் இல்லையே!

‘செயலிழப்பு’ என்றதும் தமிழனுக்கு என்ன நினைவு வரும்? வெடிகுண்டு. ‘நிபுணர்கள் வந்து குண்டைச் செயலிழக்கச் செய்தனர்’ என்று வாரம் ஒரு செய்தி படிக்கிறோம். செயலிழந்த குண்டு வெடிக்காது. அவ்வளவுதான், கதை முடிந்தது. ‘எடையிழப்பு, புயல் வலுவிழந்தது என்கிறோமே, இழப்பு முழுசாகத்தான் இருக்கணுமா?’ என்று ஒரு மொழிபெயர்ப்பு நண்பர் மடக்கினார். எடையும் வலுவும் கூடும், குறையும். அவற்றில் கொஞ்சம் இழக்கலாம். செயலில் கொஞ்சம் இழந்த குண்டை யாராவது மடியில் வைத்துக்கொள்வார்களா? இதே சொல்லைச் சில செய்தியாளர்கள் இதயம் திடீரென நின்றுபோவதற்கும் போடுகிறார்கள். வேறு சிலருக்கு எல்லாமே மாரடைப்பு. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதுதான் மாரடைப்பு. அது வந்துபோன இதயம் பிறகு பலவீனப்படலாம். பல ஆண்டு கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தமும் அதே வேலையைச் செய்யும். ஹார்ட் ஃபெயிலியர், இதயம் திடீரென நிற்பது, மாரடைப்பு மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, அப்புறம் விழிப்புணர்வு முகாம் நடத்தி என்ன பயன்?

‘இதயத் தோல்வி’ என்றும் எங்கோ பார்த்தேன். இதயம் என்ன தேர்வா எழுதியது? ‘இதயத் தளர்ச்சி’ பரவாயில்லை. ஆனால் தளர்ச்சி என்றாலே லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டி கண்முன் வருகிறது. இதயமே வடசொல், ‘குலை’ என்று எழுதுங்கள் என்பார் தனித்தமிழ் அன்பர். நோயாளிக்குக் குலை நடுங்கும், வேண்டாம்.

என் ஓட்டு ‘இதய நலிவு’க்கு. நலிந்த தொழில் என்றால் மூடிய தொழில் அல்ல. ஓடுகிறது, ஆனால் திணறுகிறது, கைகொடுத்தால் தேறும். இந்த நோயும் அப்படித்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டித் தலையணை ஒன்று போதாமல் இரண்டாகும். உப்பைக் குறைத்து, தினம் காலையில் எடை பார்த்து, மாத்திரையை விடாமல் போட்டால் பலர் பல ஆண்டுகள் நடமாடுகிறார்கள்.

“இதயம் நலிஞ்சிருக்கு பெரியம்மா, நிக்கலை” என்றேன்.

“அப்படிச் சொல்லு” என்று மாத்திரை டப்பாவைத் தேட எழுந்தார்.